பட்டில் ஏறிய மலையும் கண்ணில் படாத மலையும்

பத்து வயதுப் பிள்ளை ஒன்றிடம் காகிதத்தையும் பென்சிலையும் கொடுத்து, ‘ஒரு மலை வரை’ என்று சொல்லிப் பாருங்கள். எந்த ஊர்ப் பிள்ளையானாலும் அநேகமாக வரப்போவது ஒரே படம்தான். ஒட்டி ஒட்டி இரண்டு முக்கோணம். நடுவில் பாதிச் சூரியன். அடியில் வளைந்து வரும் ஆறு. கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை ஒன்று, வானத்தில் நாலு பறவை. அவ்வளவுதான், படம் முடிந்தது.

ராஜபாளையத்துப் பிள்ளையும் இதையே வரைகிறது என்பதுதான் வேடிக்கை. மொட்டைமாடிக்குப் போய் மேற்கே திரும்பினால் போதும், மேற்குத் தொடர்ச்சி மலை வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்கிறது. அதில் முக்கோணம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பெரிய மலைக்குப் பின்னால் சூரியன் உதிப்பதும் இல்லை, மறையத்தான் செய்யும். தினமும் கண்ணெதிரே நிற்கிற மலையை விட்டுவிட்டு, யாரும் பார்த்திராத ஒரு மலையைப் பிள்ளைகள் வரைகிறார்கள்.

இது பிள்ளைகளின் குற்றம் இல்லை. ஒரு நாடே பல நூறு வருஷம் இதைச் செய்திருக்கிறது. அந்த நாடு கொரியா. அங்கே அந்தப் பழக்கம் எப்படி மாறியது என்பது ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ரொம்பவே வேண்டிய கதை.

மையும் பட்டும்

முதலில் அந்த ஓவியம் எப்படி உருவாகிறது என்று பார்த்துவிடலாம். பைன் மரத்தையோ எண்ணெயையோ எரித்துப் புகைக்கரி எடுப்பார்கள். அதை விலங்குப் பசையோடு பிசைந்து கட்டியாகக் காயவைப்பார்கள். வரையும்போது அந்த மைக்கட்டியைத் தண்ணீர் விட்டுக் கல்லில் இழைத்துக்கொள்ள வேண்டும். விளக்குப் புகையில் கண்மை கூட்டிய வீடுகளுக்கும், ஓலைச்சுவடியில் கரி தடவி எழுத்தைத் தெளியவைத்த ஊருக்கும் இது புதிதாகத் தோன்றாது.

பட்டு அப்படியே இருந்தால் மை பரவிவிடும். அதனால் படிகாரமும் பசையும் கலந்த தண்ணீரைப் பூசிக் காயவைத்துவிட்டு அதன்மேல் வரைவார்கள். கலம்காரிக்காரர்கள் பருத்தித் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் தோய்த்து எடுப்பதும் சாயம் கண்டபடி பரவக்கூடாது என்பதற்காகத்தானே? இரண்டு இடத்திலும் ஒரே யோசனை, சரக்குதான் வேறு. கொரியர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பட்டின் பின்பக்கம் வண்ணம் பூசி, அது முன்பக்கம் மெல்லக் கசிந்து தெரியும்படி விட்டார்கள். பௌத்த ஓவியங்களுக்கும் மனித உருவப் படங்களுக்கும் இந்த முறை நன்றாகவே பயன்பட்டது.

பட்டில் விழுந்த மைக்கோட்டை அழிக்க முடியாது. ரப்பர் கிடையாது, மேலே வெள்ளை அடித்து மறைக்கவும் வழி இல்லை. அதனால் தூரிகையைத் தொடும் முன்பே மலை ஓவியனின் மனசுக்குள் முழுசாக இருந்தாக வேண்டும். கேள்வியே இங்கேதான் வருகிறது. எந்த மலை மனசுக்குள் இருந்தது?

அடுத்தவர் மலை

சீனாவில் குவோ ஷி என்ற ஓவியர் 1072-ல் ‘இளவேனில்’ என்ற ஓவியத்தைப் பட்டில் வரைந்தார். இன்று அது தைப்பேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூடுபனிக்குள் நெளிந்து எழும் அந்த மலை பின்னால் வந்த பல தலைமுறைகளுக்கு இலக்கணமாகிவிட்டது. கொரிய ஓவியர்களும் அந்த இலக்கணத்தைப் படித்தார்கள். சூபுன் என்ற ஜப்பானிய ஓவியத் துறவி 1423-ல் கொரியாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று நாட்டிலும் மலை ஒரே சாயலில் எழுந்தது.

1447-ல் கொரிய இளவரசர் அன்பியோங் ஒரு கனவு கண்டார். சீனக் கவிஞர் தாவோ யுவான்மிங் எழுதிய கதையில் வரும் பீச் மலர்த் தோட்டத்துக்குப் போவதாகக் கனவு. அதை அன் கியோன் என்ற ஓவியரிடம் சொல்ல, அவர் மூன்றே நாளில் பட்டில் வரைந்து கொடுத்தார். ஒரு மீட்டரைவிடக் கொஞ்சம்தான் நீளம். இடது ஓரத்தில் சாதாரண உலகம், நடுவே செங்குத்துப் பாறைகள், வலது பக்கம் மலர்த் தோட்டம். படகு இருக்கிறது, வீடு இருக்கிறது, ஆள்தான் ஒருவரும் இல்லை. அந்த இளவரசரை 1453-ல் அண்ணனின் அதிகாரப் போட்டி பலி வாங்கியது. ஓவியம் இப்போது ஜப்பானில், தென்ரி பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. 2009-ல் சியோலுக்கு ஒன்பது நாள் மட்டும் கடனாக வந்தபோது, பார்க்க மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள்.

அற்புதமான ஓவியம், சந்தேகமே இல்லை. ஆனால் மலை கொரியாவுடையது அல்ல. கவிதையிலும் கனவிலும் இருந்த மலை அது.

அதற்கும் முந்தைய கொரியோ ஆட்சிக் காலத்துக்குப் போனால் தமிழர்கள் நிமிர்ந்து உட்காரவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து பௌத்தப் பட்டோவியங்களில் திரும்பத் திரும்ப வருபவர் அவலோகிதேஸ்வரர். நீர்க்கரையில் ஒரு பாறைமேல் அமர்ந்திருப்பார். 1310-ல் வரைந்த ஒரு படம், நாலு மீட்டருக்கு மேல் உயரம், ஜப்பானில் கரட்சு ஊரிலுள்ள காகாமி ஆலயத்துக்குச் சொந்தம். அவர் அமர்ந்திருக்கும் மலைக்குப் பெயர் பொதலகம். அது இந்தியாவின் தென்கோடியில் இருப்பதாக பௌத்த நூல்கள் சொல்கின்றன. 7-ஆம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங்கும் மலைய மலைக்குக் கிழக்கே இருப்பதாக எழுதிவைத்தார். ஷு ஹிகோசாகா என்ற ஜப்பானிய அறிஞர், அது பொதிகை மலையேதான் என்று வாதிட்டார். அகத்தியர் தமிழ் கற்றது அவலோகிதனிடம் என்று 11-ஆம் நூற்றாண்டு வீரசோழியம் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

எல்லா அறிஞர்களும் இதை ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனாலும் பொதிகை என்பது ராஜபாளையத்தின் மேற்கே தெரியும் அதே மலைத்தொடரின் தென்பகுதிதான். அப்படியானால், எங்கோ கொரியாவில் ஒரு ஓவியர், ஒருநாளும் பார்க்காத இந்தத் தொடர்ச்சி மலையின் ஒரு சிகரத்தை நினைத்துப் பட்டில் பொன்னும் வண்ணமும் இட்டிருக்கக்கூடும்.

இதை வைத்து ‘பார்த்தீர்களா தமிழன் பெருமையை’ என்று கிளம்புவது சுலபம். போதிதர்மர் விஷயத்தில் கிளம்பியாகிவிட்டது, 2011-ல் சினிமாவும் வந்துவிட்டது. ஆனால் இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? பார்க்காதவர்கள் வரைந்தார்கள். பார்த்துக்கொண்டே இருப்பவர்கள் வரையவில்லை. கொஞ்சம் கூச்சப்படவேண்டிய விஷயம் இது.

சொந்த மலை

கொரியாவில் பழக்கத்தை மாற்றியவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ஜியோங் சியோன் (1676–1759). அவர் செய்தது ரொம்ப எளிமையான காரியம். மலைக்குப் போய்ப் பார்த்தார். கும்காங் என்ற மலை, பெயருக்கு வஜ்ரம் என்று பொருள். 1711-ல் அங்கே போய்வந்து, கண்ட காட்சிகளைப் பட்டில் வரிசையாக வரைந்தார். குவோ ஷியின் இலக்கணம் அந்த ஊசிப்பாறைகளுக்குப் போதவில்லை. அதனால் மேலிருந்து கீழாக விறுவிறுவென்று இழுக்கும் கோடுகளைப் பழக்கிக்கொண்டார். பாறை இருக்கிற மாதிரி கோடு மாறியது, கோட்டுக்காகப் பாறை மாறவில்லை. ‘மெய்க்காட்சி’ ஓவியம் என்று பின்னால் அதற்குப் பெயர் வந்தது. ஜப்பானிலும் செஷ்ஷு, சீனாவில் படித்துத் திரும்பியவர், வயதான காலத்தில் அமானோஹாஷிடாதே என்ற சொந்த நாட்டுக் கடற்கரையைக் காகிதத்தில் வரைந்து வைத்தார்.

இவர்கள் யாரும் சீன மரபைத் தூக்கி எறியவில்லை. அதே மை, அதே தூரிகை, அதே பட்டு. பார்வையை மட்டும் வாசலுக்கு வெளியே திருப்பினார்கள்.

இங்கே என்ன குறை?

தமிழில் மலை இல்லையா? நிறைய இருக்கிறது, சொல்லில். சங்கப் புலவர்கள் குறிஞ்சி என்று ஒரு திணையையே மலைக்கு எழுதிவைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் வேங்கடத்து மேகத்தோடு பேசுகிறாள், மாலிருஞ்சோலையைப் பாடுகிறாள். அவளும் கனவு கண்டவள்தான். கொரிய இளவரசரின் கனவு பட்டுக்குப் போனது, ஆண்டாளின் கனவு பாட்டுக்குப் போனது. பாட்டை வைணவர்கள் இன்றைக்கும் கல்யாண வீட்டில் பாடுகிறார்கள். சொல்லை எப்படிக் காப்பாற்றுவது என்று தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும்.

சித்திரத்தில்தான் மலை பின்னுக்குப் போய்விட்டது. நாயக்கர் காலத்துக் கோயில் ஓவியங்களில் மலை வந்தால் அது தெய்வத்துக்கு ஆசனம், அல்லது கதை நடக்கும் இடம். பக்கத்தில் கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள், சிவகாசியில் அச்சாகி வீடு வீடாகக் காலண்டராகத் தொங்கின. அங்கேயும் மலை தெய்வத்துக்குப் பின்னால்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் மலையே தலைவனாக நிற்கிற படம் எங்கே?

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசு முத்திரையில் இருப்பது ஆண்டாள் கோயில் கோபுரம் என்று ஊரே சொல்கிறது. நாய்க்கும் கோவாவுக்கும் கோபுரத்துக்கும் படம் இருக்கிறது. மழையைத் தடுத்து நிறுத்தி ஆற்றில் தண்ணீர் விடுகிற மலைக்குப் பேர் சொல்லும்படி ஒரு படம் உண்டா?

சாக்குகள்

‘பட்டுக்கு எங்கே போவது?’ பட்டே வேண்டும் என்று யார் சொன்னது? ராஜபாளையம் நூற்பாலை ஊர், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர் போனது. நல்ல காடாத்துணி வாங்கிக் கஞ்சி போட்டு, முரட்டுத் தூரிகையால் இழுத்துப் பார்க்கலாமே. இங்கே வரவேண்டியது கொரியப் பட்டு அல்ல, கொரியர்கள் மலையைப் பார்த்த கண்.

‘செல்போனில் படம் எடுத்தால் போதாதா?’ போதாது. ஜியோங் சியோன் 1734-ல் வரைந்த ஓவியத்தில் கும்காங் மலை முழுவதும் ஒரே வட்டத்துக்குள் அடங்கி நிற்கிறது, ஆகாயத்தில் இருந்து பார்த்ததுபோல. எந்த ஓர் இடத்தில் நின்றாலும் கேமராவுக்கு அது கிடைக்காது. பல நாள் நடந்தவன் நினைவில் சேர்த்துவைத்த மலை அது. போட்டோ எடுக்க ஒரு நொடி, வரைய ஒரு சாயங்காலம். அந்த ஒரு சாயங்காலம் மலையை உற்றுப் பார்த்தவனுக்கு, அடுத்த வருஷம் அதில் ஒரு சரிவு மொட்டையானால் உடனே தெரியும்.

‘ஓவியம் சோறு போடுமா?’ எல்லோரும் ஓவியர் ஆகவேண்டும் என்பது இல்லை. பத்தாம் வகுப்பு வந்தால் ஓவியப் பீரியடு கணக்கு வாத்தியாருக்குப் போய்விடுகிறது. போகட்டும். ஆறாம் வகுப்பிலாவது, முக்கோணத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டாமல், பிள்ளைகளை மாடிக்குக் கூட்டிப்போய் மேற்கே உட்காரவைக்கலாம். செலவு ஒரு பென்சில். இடமும் இல்லாமல் இல்லை. முன்னாள் முதல்வர் பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த ஊர் இது.

மலை இருக்கும்போதே

கடைசியாக ஒரு விஷயம். ஜியோங் சியோன் ஏறிய கும்காங் மலை இன்று வட கொரியாவில் இருக்கிறது. 1998-ல் தென் கொரியர்களுக்கு அங்கே சுற்றுலா திறந்தது. 2008-ல் ஒரு சுற்றுலாப் பயணியை வட கொரியச் சிப்பாய் சுட்டதும் அது நின்றுபோனது. மலை அங்கேயேதான் நிற்கிறது, ஆனால் சியோலில் இருப்பவர் போய்ப் பார்க்க முடியாது. அவருக்கு மிச்சம் இருப்பது முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் பட்டில் வரைந்துவைத்த மலை. வரைந்த நாளில், இது இப்படிப் பயன்படும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 2021-ல் புலிகள் காப்பகமானது. காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது, கூடவும் கூடாது. புலிக்கும் சாம்பல் அணிலுக்கும் அது நல்லது. மனிதர்களுக்கு மிச்சம், ஊரில் இருந்தபடி தூரத்தில் பார்க்கிற மலை. ஆனால் ஊருக்குள் ஒவ்வொரு மாடி உயரும்போதும் அந்தப் பார்வையிலும் ஒரு துண்டு மறைகிறது. செண்பகத்தோப்புப் பக்கம் மேகம் இறங்குவது இன்றைக்கும் தெருவில் நின்றால் தெரியும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிக்கலாம்.