செய்தி ஒரு பக்கம், கணக்கு ஒரு பக்கம்

2025-ல் விவசாயியைப் பற்றி வந்த செய்திகள் கொஞ்சநஞ்சம் இல்லை. கோவையில் மாநாடு, டெல்டாவில் முளைத்த நெல், பருத்தி இறக்குமதி, நகைக்கடன் விதி, கடைசியாக விதை மசோதா. ஒவ்வொன்றும் இரண்டு நாள் தலைப்புச் செய்தியாக ஓடிவிட்டு அடுத்ததற்கு இடம் விட்டுப் போய்விட்டது. வங்கியில் காலம் தள்ளியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் என்ன பேசினார்கள் என்பதைவிட, பற்று எந்தக் கணக்கில், வரவு எந்தக் கணக்கில் என்றுதான் கண் முதலில் போகும். அந்தக் கண்ணோடு இந்தச் செய்திகளை ஒரு சுற்று பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். நேரம் இல்லாதவர்கள் கடைசியில் உள்ள விதை மசோதா பகுதியை முதலில் படித்துவிடுங்கள். அதற்குக் கருத்து அனுப்ப 2025 டிசம்பர் 11-ந்தேதி கெடு இருந்தது. மற்றதெல்லாம் காத்திருக்கும்.

கோவை மாநாடு

நவம்பர் 19-ந்தேதி கோவை கொடிசியா வளாகத்தில் தென்னிந்திய இயற்கை வேளாண்மை மாநாட்டைப் பிரதமர் தொடங்கி வைத்தார். ஒரு பருவத்துக்கு ஒரு ஏக்கரிலாவது இயற்கை விவசாயம் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். நல்ல யோசனைதான். நம்மாழ்வார் ஐயா இருந்தவரை ஊர் ஊராக நடந்து இதைத்தானே சொன்னார்? மேடை பெரிதாகியிருக்கிறது, சந்தோஷம்.

இப்போது கணக்கு. தேசிய இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் கொடுத்தது. மத்திய, மாநிலப் பங்கு இரண்டும் சேர்த்து 2,481 கோடி ரூபாய். சென்றடைய வேண்டிய விவசாயிகள் 1 கோடி பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 2,481 ரூபாய். பயிற்சி, இடுபொருள் மையம், சான்று, அலுவலகச் செலவு எல்லாம் அதற்குள்தான்.

எதிர்ப் பக்கத்தில் ரசாயன உர மானியம். 2025-26 நிதியாண்டு பட்ஜெட்டில் ஒதுக்கியது சுமார் 1 லட்சத்து 67 ஆயிரம் கோடி. 2022-23ல் உக்ரைன் போரால் விலை ஏறியபோது அது இரண்டரை லட்சம் கோடியைத் தொட்டது. ஒதுக்கீட்டை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 457 கோடி. அதாவது இயற்கை விவசாய இயக்கத்தின் மொத்தப் பணமும் உர மானியத்துக்கு ஐந்தரை நாளைக்குக்கூட வராது. உர மானியத்தை நாளைக்கே நிறுத்து என்று நான் சொல்லவில்லை, அப்படிச் செய்து பார்த்த இலங்கையின் 2021 கதை நமக்குத் தெரியும். ஆனால் 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிற நாட்டில், ஒரு டிராக்டர் தொழுவுரம் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். யூரியா போடுகிறவனுக்கு அரசு பாதிக்கு மேல் கட்டுகிறது. தொழுவுரம் போடுகிறவன் முழுத்தொகையும் தன் மடியிலிருந்து கட்டுகிறான். ஒரு ஏக்கரில் செய்து பாருங்கள் என்று சொல்பவர்கள், அந்த ஒரு ஏக்கருக்குச் சேர வேண்டிய உர மானியத்தை ரொக்கமாக இவன் கணக்கில் போடட்டும். மாறுவதற்கு மாநாடே தேவைப்படாது.

கடன் செய்திகள்

அடமானம் இல்லாத விவசாயக் கடன் உச்சவரம்பை ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி 1 முதல் 1 லட்சத்து 60 ஆயிரத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தியது. நகைக்கடனுக்குப் புதிய விதிகள் வருகிறது என்றதும் தமிழ்நாட்டில் எழுந்த கூச்சல் ஞாபகம் இருக்கும். ஜூனில் வந்த இறுதி விதியில் இரண்டரை லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். சவரன் விலை இவ்வளவு ஏறி நிற்கும்போது மூன்று சவரன் சங்கிலிக்கே நல்ல தொகை கிடைக்கும். கிடைக்கும் என்பதற்காக வாங்காதீர்கள். மூன்று சவரனைத் திருப்ப எத்தனை மூட்டை நெல் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

எனக்குப் பெரிய குறை வேறு இடத்தில். பயிர்க்கடன் அளவு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டத் தொழில்நுட்பக் குழு வருஷா வருஷம் நிர்ணயிக்கிறது. அந்தக் கணக்கில் உரம், பூச்சி மருந்து என்று வரி வரியாக இருக்கும். கூட்டுறவில் கடன் வாங்கினால் ஒரு பகுதி ரொக்கம், ஒரு பகுதி உரமாகவே கைக்கு வரும். எங்கள் பகுதிச் சங்கம் ஒன்றில், "எனக்கு உரம் வேண்டாம், ரொக்கத்தை மட்டும் கொடுங்க" என்று ஒரு இளைஞர் கேட்டார். பதினைந்து ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பா போட்டிருக்கும் பையன். "எடுத்துட்டுப் போய் யாருக்காவது கொடுத்துடுங்க தம்பி, ரெகார்டு அப்படித்தான்" என்று பதில். ரொக்கம், உரம் இரண்டுக்கும் சேர்த்துத்தான் அசல். வேண்டாத யூரியாவுக்கு அவர் கடன்காரர். அமிர்தக்கரைசலுக்கும் பசுந்தாள் உர விதைக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் கடன் அளவில் ஒரு வரி சேர்ப்பது ஒன்றும் பெரிய சீர்திருத்தம் இல்லை, மாவட்ட அளவில் ஒரு கூட்டத்தில் முடிகிற வேலை. அந்தக் குழு கூடும் மாதத்தில் நம் ஆட்கள் நாலு பேர் போய் உட்கார வேண்டும். மனுவைக் கலெக்டர் குறைதீர் நாளில் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது.

ஈர நெல்

அக்டோபர் மழையில் டெல்டா கொள்முதல் நிலையங்களின் வாசலில் குறுவை நெல் முளைத்துக் கிடந்ததைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 ஆக்கும்படி மாநில அரசு கேட்டது. மத்தியக் குழு வந்து பார்த்தது. நவம்பரில் முடியாது என்று பதில் வந்துவிட்டது. இத்தனைக்கும் முன்பு சில ஆண்டுகளில் 19, 20 சதவீதம் வரை தளர்வு கொடுத்தவர்கள்தான்.

இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 22 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ நெல்லைக் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் 94 கிலோ மிஞ்சும். குறைவது 6 கிலோ தண்ணீர். மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டால் 2,500 ரூபாய் என்றால் வித்தியாசம் 150 ரூபாய். அந்த 150 ரூபாயைக் கழித்துக்கொண்டு அன்றைக்கே எடுத்திருந்தால் விவசாயி கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பான். எடுக்காததால் போனது முழு 2,500. அரிசி ஆலைக்கும் கிடங்குக்கும் ஈர நெல் ஆகாது என்பது வாஸ்தவம். ஆனால் அதைக் காயவைக்க வேண்டிய இயந்திரம் கொள்முதல் நிலையத்தில் இருக்க வேண்டுமா, தார்ச்சாலையை மட்டுமே களமாக வைத்திருக்கும் சிறு விவசாயியிடம் இருக்க வேண்டுமா?

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு: பாரம்பரிய நெல் போடுகிறவர்களில் பெரும்பாலோர் கொள்முதல் நிலையத்துப் பக்கம் போவதில்லை. அரிசியாக்கித்தான் விற்கிறோம். ஆனால் காயவைக்கிற பாடு ஒன்றுதான். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நல்ல சிமெண்ட் களமும் நாலு தார்ப்பாயும் போட்டுக்கொண்டால் பாதி கவலை குறையும். கடன் வாங்கித்தான் செய்வேன் என்றால் இதற்கு வாங்கலாம்.

பருத்தி

அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. திருப்பூர் தவித்தது. உடனே இங்கே பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை ஆகஸ்டில் நீக்கினார்கள், முதலில் செப்டம்பர் வரை, பிறகு டிசம்பர் 31 வரை. புதுப் பருத்தி சந்தைக்கு வருகிற மாதங்கள் சரியாக அவைதான். ஆலைக்கு வந்த நஷ்டத்தைக் காட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மரபணு திருத்திய நெல்

மே மாதம் இரண்டு நெல் ரகங்களை மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்தார். ஒன்று நம் ஊரில் பிபிடி என்று நடும் சம்பா மசூரியிலிருந்து வந்தது, இன்னொன்று எம்டியு 1010-லிருந்து வந்தது. வெளி மரபணு எதையும் சேர்க்கவில்லை, இருப்பதைத் திருத்தினோம், அவ்வளவுதான் என்கிறார்கள். அந்தக் காரணத்தை வைத்து 2022-லேயே இந்த வகைப் பயிர்களுக்கு மரபணு மாற்றப் பயிர்களுக்கான கடும் சோதனைகளிலிருந்து விலக்குக் கொடுத்தாகிவிட்டது.

விஞ்ஞானச் சண்டைக்குள் நான் போகவில்லை. நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிர், பக்கத்து வயலிலிருந்து கலப்பது குறைவு என்பதும் தெரியும். என் கேள்வி மூட்டையைப் பற்றியது. அங்ககச் சான்று பெற்ற வயலில் மரபணு மாற்ற விதைக்கு இடமில்லை. விதை மூட்டையில் 'இது திருத்தியது' என்று எழுதினால்தானே வாங்குகிறவனுக்குத் தெரியும்? விதை மசோதா எழுதுகிற நேரத்தில் இந்த ஒரு வரியைச் சேர்க்கக்கூடவா முடியாது?

விதை மசோதா

மத்திய வேளாண் அமைச்சகம் நவம்பரில் விதை மசோதா வரைவை வெளியிட்டது. 1966-ன் விதைச் சட்டத்துக்கும் 1983-ன் விதைக் கட்டுப்பாட்டு ஆணைக்கும் பதிலாகக் கொண்டுவர எழுதப்பட்டது. பழைய சட்டம் பல் இல்லாதது என்பது உண்மை. போலி விதை விற்று முதன்முறை பிடிபட்டால் அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். அறுபது வருஷமாக அதே 500. புதிய வரைவில் பெரிய குற்றத்துக்கு 30 லட்சம் ரூபாய் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. மூட்டையில் கியூஆர் குறியீடு, விற்பவர்களுக்குப் பதிவு எல்லாம் இருக்கிறது. கலப்பட விதை வாங்கி ஒரு பருவத்தையே இழந்தவர்கள் இதை வரவேற்பார்கள், நானும்தான்.

ஆனால் தண்டத்தொகை அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். முளைக்காத வயல்காரனுக்கு என்ன வரும்? 2001-ன் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தில், பதிவு பெற்ற ரகம் சொன்னபடி விளையாவிட்டால் விவசாயி அதற்கான ஆணையத்திடம் இழப்பீடு கேட்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. இந்த வரைவைப் பற்றி விவசாய அமைப்புகள் சொல்லும் முதல் குறையே அப்படி ஒரு எளிய வழி இதில் இல்லை என்பதுதான். கோர்ட்டுக்குப் போ என்றால் யார் போவது?

அடுத்தது நம் அடிமடியிலேயே கைவைக்கக்கூடியது. விவசாயி தன் விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம் என்று வரைவு சொல்கிறது. ஒரே ஒரு நிபந்தனை, பிராண்டு பெயரில் விற்கக் கூடாது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. 2001 சட்டத்திலும் இதே நிபந்தனை உண்டு. ஆனால் அங்கே பிராண்டு விதை என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்: அந்தச் சட்டத்தில் பாதுகாப்புப் பெற்ற ரகம் என்று தெரியும்படி பையில் அடைத்து லேபிள் ஒட்டியது. தூயமல்லிக்கும் காட்டுயானத்துக்கும் அந்தச் சிக்கல் இல்லை. புதிய சட்டத்தில் அந்த விளக்கம் இல்லாமல் 'பிராண்டு பெயர்' என்று மொட்டையாக விட்டால் என்ன ஆகும்? இரண்டு கிலோ பையில் 'கிச்சிலிச் சம்பா' என்று எழுதி, கீழே நம் குழுவின் பெயரையும் ஒட்டி விதைத் திருவிழாவில் வைக்கிறோமே, அது பிராண்டா? சோதனைக்கு வருகிற அதிகாரி பிராண்டு என்று சொன்னால் பிராண்டுதான். தண்டனை 500 ரூபாயாக இருந்தவரை யாரும் பயப்படவில்லை. லட்சக்கணக்கில் அபராதம் என்று காகிதத்தில் இருந்தால், பயமே போதும். அடுத்த வருஷம் பை வைக்க ஆள் வராது.

சட்டத்தில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு 2019 குஜராத் போதும். பெப்சிகோ நிறுவனம் தன் உருளைக்கிழங்கு ரகத்தை அனுமதி இல்லாமல் பயிரிட்டதாகச் சிறு விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது, ஒருவருக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டு. அன்றைக்கு விவசாயிகள் தரப்பு பிடித்துக்கொண்ட கயிறு அந்த 2001 சட்டத்தின் 39-வது பிரிவு. நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி நிறுவனம் வழக்கை வாபஸ் வாங்கியது. அந்தப் பிரிவு மட்டும் இல்லாவிட்டால்?

நெல் ஜெயராமன் மறைந்து 2025 டிசம்பர் 6-ந்தேதியோடு 7 ஆண்டுகள். ஆதிரெங்கத்தில் 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். வங்கிக் கணக்கில் அது நூறு சதவீத வட்டி. ஆனால் ஒருத்தர்கூட கந்துவட்டி என்று சொன்னதில்லை, சந்தோஷமாகத் திருப்பிக் கொடுத்தார்கள். 170-க்கும் மேற்பட்ட ரகங்கள் இப்படித்தான் கைமாறிக் கைமாறி நம் வயலுக்குத் திரும்பின. இதில் விற்பனை எங்கே முடிகிறது, பரிமாற்றம் எங்கே தொடங்குகிறது? பதிவு பெறாத விற்பனையாளர் யார், விவசாயி யார்? இருபது பேர் சேர்ந்த விதைக்குழு 'விவசாயி' என்ற சொல்லுக்குள் வருமா, வராதா?

வரைவு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தில் வந்தது, கருத்து அனுப்ப வேண்டிய மின்னஞ்சலும் அதிலேயே இருந்தது.  நீளமாக எழுத வேண்டியதில்லை. நான் சொல்வது ஐந்து விஷயம். பிராண்டு என்பதற்கு 2001 சட்டத்தில் உள்ள விளக்கத்தையே இங்கேயும் வைக்க வேண்டும். ரகத்தின் பெயர், விவசாயி பெயர், குழுவின் பெயர் பையில் இருப்பது பிராண்டு ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விவசாயிகளின் விதைக்குழுவும் உற்பத்தியாளர் குழுவும் விவசாயி என்ற சொல்லுக்குள் வர வேண்டும். முளைக்காத விதைக்கு மாவட்ட அளவிலேயே, குறித்த நாட்களுக்குள் இழப்பீடு வேண்டும். மரபணு மாற்றியதோ திருத்தியதோ, மூட்டை மேல் அந்தந்த மாநில மொழியில் எழுத வேண்டும். அவரவர் ரகத்தின் பெயரையும் எத்தனை வருஷமாக வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் கனமாக இருக்கும். எல்லோரும் ஒரே கடிதத்தை நகல் எடுத்து அனுப்பினால் அங்கே அதை ஒரே கடிதமாகத்தான் எண்ணுவார்கள்.