யாருக்காக அடித்த சதம்?

தோனியின் 10 ஒருநாள் சதங்களில் ஒன்று இந்தியாவுக்காக அடித்ததல்ல. முரளிதரனின் 800 டெஸ்ட் விக்கெட்டுகளில் 5 இலங்கைக்காக எடுத்தவை அல்ல. முந்நூறுக்கு மேற்பட்ட ஒருநாள் போட்டிகளில் ஆடிய ஷான் பொல்லாக்கின் ஒரே சதம்கூட தென்னாப்பிரிக்கா கணக்கில் வராது. ஆப்பிரிக்கக் கண்டத்து அணிக்காக பெங்களூரில் அடித்தது அது. சில நாளுக்கென்று கூட்டிச் சேர்த்த நட்சத்திர அணிகளின் ஆட்டத்தை ஏட்டிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எடுக்கக் கூடாது என்பேன். ஐ.சி.சி. அங்கீகாரம் கொடுத்துவிட்டது என்பதற்காக அல்ல. அந்த ஆட்டம் ஆடப்பட்ட விதத்துக்காக.

2007 ஜூன் 10 அன்று சேப்பாக்கத்தில், அந்த ஆப்பிரிக்க அணிக்கு எதிரான தொடரின் ஆட்டத்தில், ஆசிய அணி 72 ரன்னுக்கு 5 விக்கெட்டை இழந்து நின்றது. தொடர் ஏற்கெனவே ஆசியாவின் கையில். ஒப்புக்கு ஆடுகிறவர்கள் என்றால் அங்கேயே கைவிட்டிருக்கலாம். ஜெயவர்தனேவும் தோனியும் ஆறாவது விக்கெட்டுக்கு 218 ரன் சேர்த்தார்கள். ஒருநாள் போட்டிகளில் அது அன்றைய உலக சாதனை, 2015 வரை நின்றது. தோனி ஆட்டமிழக்காமல் 139. ஆசியா 331 எடுத்தது. ஆப்பிரிக்கா 318 வரை விரட்டி வந்து 13 ரன்னில் தோற்றது. இந்திய, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேச வீரர்களை ஒரே உடையில் நிறுத்திய அந்தத் தொடர் அதன் பிறகு நடக்கவே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஊர் இல்லாத அணி எப்படி அணியாகும் என்பது எதிர்வாதம். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் கபடி பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். அங்கே பனியனில் இருப்பது ஊர்ப் பெயர். தோற்றால் தோற்பது ஊர். இந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை, ஆனால் அது எல்லா ஆட்டத்துக்கும் ஒரே அளவில் பொருந்தாது. அமெரிக்கக் கால்பந்தின் நட்சத்திரப் போட்டியான புரோ பவுலைப் பாருங்கள். சேப்பாக்கம் ஆட்டம் நடந்த அதே 2007இல், பிப்ரவரியில், ஹவாயில் நடந்த போட்டியில் ஷான் டெய்லர் என்ற தடுப்பாட்டக்காரர், பந்தோடு ஓடிவந்த பிரையன் மூர்மனை முழு வேகத்தில் மோதிச் சாய்த்தார். லீக் போட்டியில் அது அன்றாட அடி. புரோ பவுலில் அது ஆண்டாண்டுக்கும் பேசப்படும் அதிசயமாயிற்று, ஏனென்றால் அங்கே யாரும் அப்படி மோதுவதில்லை. அடிபட்டால் அடுத்த பருவமும் சம்பளமும் போய்விடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் மோதலை எடுத்துவிட்டால் அந்த ஆட்டத்தில் மிச்சம் என்ன? 2022க்குப் பிறகு மோதல் ஆட்டத்தையே நிறுத்திவிட்டு, இடுப்பில் தொங்கும் துணிக்கொடியை உருவும் கொடி ஆட்டமாக மாற்றிவிட்டார்கள். கிரிக்கெட்டில் பந்து வீசுகிறவர் உடம்பைப் பணயம் வைக்காமலே முழு மனதோடு வீச முடிகிறது. ஊர்ப் பெயர் இல்லாமலும் சேப்பாக்கத்தில் ஆட்டம் ஆட்டமாக இருந்தது அதனால்தான்.

கபடி இதில் அமெரிக்கக் கால்பந்தின் பக்கம் நிற்கிறது. பாடி வருபவரின் காலைப் பிடிக்கும்போது தயங்கினால் அது கபடியே இல்லை. தயங்காமல் பிடித்தால் முட்டி போகலாம். ஊருக்காக ஆடும்போது அந்த ஆபத்தை ஆட்டக்காரர் தெரிந்தே ஏற்கிறார். சிறப்பு விருந்தினர் பார்க்க வேண்டும் என்பதற்காக, பல ஊர்ப் பையன்களைக் கலந்து இரண்டு பிரிவாக நிறுத்தும் காட்சிப் போட்டியில் எதற்காக ஏற்க வேண்டும்? விழுப்புரம் மாவட்டத்தில் போட்டி நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: நல்ல ஆட்டக்காரர்களை ஒன்றாகக் களத்தில் பார்க்க ஆசையென்றால், மாவட்ட அணித் தேர்வுக்கான ஆட்டமாக அதை நடத்துங்கள், அடிபடுகிறவரின் வைத்தியச் செலவையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் முடியாதென்றால், அந்த நேரத்தை இன்னொரு ஊர் அணிக்குக் கொடுத்துவிடுங்கள்.