‘இங்கே ஒன்றுமில்லை’ என்றும் குறித்து வையுங்கள்



சாரல் காலத்தில் குற்றாலம் வந்து திரும்புகிறவர்களைத் தென்காசி ரயில் நிலையத்தில் நிறுத்தி, “குற்றாலம் முழுவதையும் பார்த்துவிட்டீர்களா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஓ! பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, எல்லாம் பார்த்தாயிற்று” என்பார்கள். அவர்கள் பார்த்தது நான்கு இடங்களை. அந்த நான்குக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. ஆட்டோவில் போனவர்களுக்கு நடுவில் இருந்தது ஆட்டோ மட்டும்தான்!

இதை நான் ஏன் சொல்கிறேன்? சென்ற கோடை விடுமுறையில், எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் என்னிடம் ஒன்றைக் காட்டினான். ‘மைன்கிராஃப்ட்’ என்ற விளையாட்டு. சுவீடன் நாட்டு நிறுவனம் ஒன்று 2011இல் முழு வடிவில் வெளியிட்டது. பலர் இணையம் வழியே ஒரே உலகில் கூடி, அங்கே மலை ஏறலாம், குகை தோண்டலாம், வீடு கட்டலாம். “சார், இந்த உலகத்தை முழுக்கச் சுத்தி முடிச்சாச்சு சார்” என்றான்.

பௌதிகம் கற்பிக்கிறவனிடம் ‘முழுக்க’ என்று சொன்னால் விடுவானா? இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்த உலகம் ஏறத்தாழ 6 கோடி கட்டை நீளம், 6 கோடி கட்டை அகலம். ஒரு கட்டை என்பது ஒரு மீட்டர். விளையாட்டு மனிதன் நொடிக்கு 4.3 மீட்டர் நடக்கிறான். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நேர்கோட்டில், ஊண் உறக்கமின்றி நடந்தாலே 160 நாள்களுக்கு மேல் ஆகும். பரப்பைக் கணக்கிட்டால் 360 கோடி சதுர கிலோமீட்டர் வருகிறது. நம் பூமியின் மேற்பரப்பு, கடலையும் சேர்த்து, 51 கோடிதான். ஏழு பூமிகளை ஒரு கோடை விடுமுறையில் சுற்றிவிட்டானாம்!

பையன் சிரித்துவிட்டு, தான் சொன்னது ஒரு பெரிய வரைபடத் தாளுக்குள் அடங்கும் பகுதியை மட்டுமே என்று திருத்திக்கொண்டான். அது 2048 மீட்டருக்கு 2048 மீட்டர். சரி, நியாயமான எல்லை. அதில் பத்தொன்பது இடங்களில் கொடிகள் தெரிந்தன. அந்த விளையாட்டில் கொடி ஒன்றை நட்டு, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தொட்டால், கொடி வரைபடத்திலும் தோன்றிவிடும். நல்ல ஏற்பாடு. கிராமம், கோயில், சுரங்கம் என்று பத்தொன்பது.

“தம்பி, நீ போய்ப் பார்த்து ஒன்றுமே இல்லாத இடங்கள் எவை?” என்று கேட்டேன். விழித்தான். பிறகு உண்மை வெளிவந்தது. ஒவ்வோர் உலகுக்கும் ஒரு விதை எண் உண்டு. அந்த எண்ணைக் கொடுத்தால், எது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டும் வரைபடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அதைப் பார்த்து நேராகப் பத்தொன்பது இடங்களுக்கும் போய்க் கொடி நட்டிருக்கிறான். ஊர் சுற்றியதாக இதைச் சொல்ல முடியுமா? தபால்காரர் செய்கிற வேலை இது. அவராவது தெருவைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

விளையாட்டைத் திட்டுவதற்காக நான் இதை எழுதவில்லை. அதற்கு வீட்டில் ஆள்கள் இருக்கிறார்கள். எனக்குள்ள குறை வேறு. அடையாளக் குறி என்பது கண்டுபிடித்ததை மட்டும் சொல்கிறது. நடந்த தடமோ கண்டுபிடிக்காததையும் சொல்கிறது. ஓர் இடத்தை முழுமையாகப் பார்த்தோமா என்று தீர்மானிக்க இந்த இரண்டாவது செய்திதான் தேவை. 2017இல் வெளிவந்த செல்டா விளையாட்டு ஒன்றில், பின்னர் சேர்க்கப்பட்ட வசதி ஒன்று, கடைசி 200 மணி நேரம் நடந்த பாதையை வரைபடத்தின் மேல் கோடாகக் காட்டுகிறது. கோடு போகாத இடம் பளிச்சென்று தெரிகிறது. அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தடம் குறிக்காமல் மனம் போன போக்கில் அலைந்தால் என்ன ஆகும்? பக்கத்துக்கு 100 கட்டமாக 10,000 கட்டங்கள் கொண்ட பலகையை எடுத்துக்கொள்வோம். வரிசையாக நடந்தால் 9,999 காலடிகளில் எல்லாக் கட்டங்களையும் மிதித்துவிடலாம். ஒவ்வோர் அடிக்கும் திசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால், கடைசிக் கட்டத்தையும் மிதிப்பதற்குச் சராசரியாக அதைப்போல் பத்து மடங்குக்கும் அதிகமான காலடிகள் வேண்டும். ஏனெனில் அலைகிறவன் போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறான்.

இந்த முட்டாள்தனத்தை நானே செய்திருக்கிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டில், கண்ணாடியின் மேல் மெல்லிய உலோகப் படலம் பூசும் வெற்றிடக் கருவியில் மூன்று மாணவர்கள் வேலை செய்தோம். எங்கோ காற்றுக் கசிந்தது. ஒவ்வோர் இணைப்பிலும் அசிட்டோனைத் தடவி, பிரானி அளவியின் முள்ளைப் பார்க்க வேண்டும். கசிவுள்ள இடத்தில் தடவினால் முள் துள்ளும். நாற்பதுக்கு மேற்பட்ட இணைப்புகள். சந்தேகப்பட்ட இடங்களைச் சாக்பீசால் குறித்தோம். ‘இது நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் எவரும் எங்கும் குறிக்கவில்லை. விளைவு? கைக்கு எட்டிய இணைப்புகளையே மூவரும் மாறி மாறிச் சோதித்தோம். இரண்டு வாரம் போயிற்று. கசிவு கருவியின் பின்புறம், சுவரை ஒட்டிய இணைப்பில் இருந்தது. குனிந்து பார்க்க வேண்டிய இடம். ஆகவே ஒருவர்கூடக் குனியவில்லை. முதல் நாளே ஒரு தாளில் நாற்பது எண்களை எழுதி, பார்த்ததையெல்லாம் அடித்துக்கொண்டே வந்திருந்தால் மறுநாள் மாலைக்குள் முடிந்திருக்கும்.

தடம் குறிக்கும் முறைக்குக் கணிதத்தில் ஓர் அழகான விதி இருக்கிறது. பிரான்சு நாட்டுத் திரெமோ என்பவருடையது. எதுவார் லூக்கா என்ற கணித அறிஞர் 1882இல் தம் நூலில் வெளியிட்டார். வழிசிக்கலுக்குள் நுழைகிறீர்கள். ஒவ்வொரு வழியிலும் நுழையும்போதும் வெளியேறும்போதும் சுவரில் ஒரு கோடு போடுங்கள். சந்திப்பு புதியதானால் கோடில்லாத வழி எதையாவது பிடியுங்கள். ஏற்கெனவே வந்த சந்திப்புக்குப் புது வழியாக வந்து சேர்ந்தால், அப்படியே திரும்பிவிடுங்கள். பழைய வழியில் திரும்பி வந்து சேரும்போது, கோடில்லாத வழி மிச்சமிருந்தால் அதில் போங்கள். இல்லையென்றால் ஒரே கோடுள்ள வழியில் போங்கள். இரண்டு கோடு விழுந்த வழியில் மட்டும் கால் வைக்காதீர்கள். இவ்வாறு செய்தால் ஒவ்வொரு வழியையும் சரியாக இரண்டு முறை நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருவீர்கள். ஒரு சந்துகூட விடுபடாது. ஞாபகசக்தியும் வேண்டாம். சுவர் ஞாபகம் வைத்துக்கொள்கிறது!

“சுவரில் கை வைத்தபடியே நடந்தால் போதாதா?” என்று சிலர் கேட்பார்கள். தென்காசிக்கு வந்து, காசி விசுவநாதர் கோயில் மதிலில் வலக்கையை வைத்தபடி நடந்து பாருங்கள். பிரதட்சணம் கிடைக்கும், ஊர் கிடைக்காது.

நிலத்தை அளந்த பெரியவர்களும் குறி வேறு, தடம் வேறு என்று அறிந்திருந்தார்கள். 1802இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோணங்கள் கன்னியாகுமரி வரை இறங்கின. மலையுச்சிகளும் கோபுரங்களும் அவருடைய குறிகள். ஆனால் அந்த முக்கோணங்களுக்குள்ளே இருந்த ஓடையையும் ஊரையும் வரைய, வேறு பலர் நடக்க வேண்டியிருந்தது. நம் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி அல்லவா? 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற இரு அதிகாரிகள் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தார்கள். அவர்களுக்கு விதை எண் கொடுத்து வரைபடம் வாங்க வழியில்லை!

இங்கே கல்லூரி ஆசிரியனாக ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து அளவீடுகளை எழுதுகிறவர்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எல்லா எண்களும் சரியாக இருக்கும். ஊசல் நின்றுபோன தடவை, முள் அசையாத தடவை, எதுவும் அதில் இராது. 1887இல் மைக்கல்சனும் மார்லியும் ஈதர் காற்றைத் தேடினார்கள். எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதை அப்படியே எழுதினார்கள். பௌதிக வரலாற்றில் அந்த ‘இல்லை’க்கு இருக்கும் இடம் பல ‘ஆம்’களுக்கு இல்லை.

விளையாட்டை விட்டு வெளியே வந்தும் இதைச் செய்யலாம். 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற பொது வரைபடம், தன்னார்வலர்கள் நடந்த தடங்களையும் அவர்கள் நேரில் கண்டதையும் சேர்த்தே வளர்ந்தது. உங்கள் ஊர்ப் பகுதியை அதில் திறந்து பாருங்கள். எந்தச் சந்து இல்லை, எந்தக் குளத்துக்குப் பெயர் இல்லை என்று கண்டுபிடித்து, நடந்து பார்த்துச் சேருங்கள். ஆனால் ஒன்று. வெற்றிடம் தெரிகிறதே என்று செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் ஏறிவிடாதீர்கள். அது வனத்துறையின் காடு. அனுமதியின்றி நுழையக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோயிற்று. விளையாட்டில் விழுந்தவன் மறுநொடி எழுந்து நிற்பான். சிற்றாற்றில் அந்த வசதி கிடையாது.

பையனுக்கு ஒரு வரைபடத் தாள் கொடுத்தேன். பக்கத்துக்கு 16 வீதம் 256 கட்டங்கள். ஒரு கட்டம் 128 மீட்டர். போன கட்டத்தில் கண்டதை எழுத வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் பெருக்கல் குறி. இணைய வரைபடத்தைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். பத்து நாள் கழித்துத் தாளைக் கொண்டுவந்தான். பெருக்கல் குறிகளாக நிறைந்திருந்தது. வடமேற்கு மூலையில் பதினோரு கட்டங்கள் மட்டும் காலி.

“அங்கே என்ன?” என்றேன்.

“கடல் சார். படகு செய்யணும்” என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.