கடைசி நிமிடத் திருப்பத்துக்கு இவ்வளவு மரியாதை எதற்கு?

குறும்படம் எழுதுகிறவரிடம் கதை கேட்டால், பெரும்பாலும் வாலைப் பிடித்துத்தான் தொடங்குகிறார். "சார், எண்ட்ல ஒரு ட்விஸ்ட் இருக்கு." அதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்று கேட்டால், "அதை டெவலப் பண்ணிக்கலாம்" என்பார். குறும்படத்துக்குக் கடைசி நிமிடத் திருப்பம்தான் உயிர், அது இல்லையென்றால் படம் படுத்துவிடும் என்ற எண்ணம் நம் பயிலரங்குகளிலும் போட்டிகளிலும் கேள்வி கேட்பாரில்லாமல் உட்கார்ந்துவிட்டது. வார இதழ்களின் ஒரு பக்கக் கதைகள் இதற்குத் தாய்வீடாக இருக்கலாம். செத்துப்போனவர் பேசிக்கொண்டிருந்தார், எல்லாம் கனவு, நடந்ததெல்லாம் விளம்பரப் படத்தின் ஷூட்டிங்: இந்த மூன்றையும் கழித்துவிட்டால் பல போட்டிகளில் திரையிடப் பாதிப் படங்கள்கூட மிஞ்சாது.

இதற்கு முதலில் சொல்லப்படும் நியாயம் நேரக் கணக்கு. பத்து நிமிடத்தில் பாத்திரத்தை வளர்க்க முடியாது, மோதலைக் கட்ட முடியாது, ஆகவே கடைசியில் ஒரே அடியாக அடித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்பார்கள். இதைச் சொல்கிறவர்கள் சத்யஜித் ராய் 1964-இல் எஸ்ஸோ நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடருக்காக எடுத்த 'டூ' படத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். கால் மணி நேரத்துப் படம், ஒரு வசனம்கூடக் கிடையாது. பெரிய வீட்டில் ஒரு பையன் பொம்மைகளோடு தனியாக இருக்கிறான். வெளியே குடிசைப் பக்கமிருந்து புல்லாங்குழல் சத்தம் வருகிறது. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் இவன் வயதுப் பையன் ஒருவன் ஊதிக்கொண்டிருக்கிறான். இவன் தன் பொம்மை டிரம்பெட்டை எடுத்து அதைவிடச் சத்தமாக ஊதுகிறான். அவன் ஒரு சின்ன மேளத்தோடு வருகிறான். இவன் சாவி கொடுத்தால் மேளம் தட்டும் குரங்கு பொம்மையைக் காட்டுகிறான். அவன் முகமூடியும் ஆயுதமுமாக வந்து ஆட, இவனிடம் அதற்கும் மேலான முகமூடிகள், கத்தி, துப்பாக்கி எல்லாம் இருக்கின்றன. அவன் வாடிய முகத்தோடு உள்ளே போய்விடுகிறான். சற்று நேரத்தில் வானத்தில் ஒரு பட்டம் ஏறுகிறது. அதற்குப் பதில் சொல்ல இவனிடம் பொம்மை இல்லை. கவண் எடுத்து அடிக்கிறான், குறி தவறுகிறது. ஏர்கன்னை எடுத்துச் சுடுகிறான், பட்டம் கிழிந்து விழுகிறது. ஜெயித்தவன் திரும்பிவந்து எல்லாப் பொம்மைகளையும் ஓடவிடுகிறான். அந்த இரைச்சலை மீறி மறுபடி புல்லாங்குழல் கேட்கிறது.

எந்தப் பையனின் பெயரும் நமக்குத் தெரியாது, பின்கதையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு செயலும் முந்தின செயலுக்குப் பதில். ஒவ்வொரு பதிலிலும் பந்தயம் ஒரு படி ஏறுகிறது. ஏர்கன் வெளியே வரும்போது, இவன் எவ்வளவு தூரம் போவான் என்று காட்டும் நிமிடம் அது. பாத்திரம் அங்கே வளர்ந்து முடிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் முடியாதது பின்கதை சொல்வதுதான், மோதலைக் கட்டுவது அல்ல. புல்லாங்குழல் மறுபடி கேட்பது திருப்பம் என்று யாராவது வாதாடலாம். அந்தக் குழலை ராய் ஒளித்து வைக்கவில்லை. படம் தொடங்கியதே அதில்தான்.

அடுத்த வாதம், திருப்பம் இருந்தால் படம் முழுக்க டென்ஷன் தானாக வந்துவிடும் என்பது. எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடப்பது நேர்மாறு. கடைசிப் பக்கத்தில் உடைக்கப்போகும் ரகசியத்தைக் காப்பாற்றுவதற்காக முதல் பக்கத்திலிருந்தே பாத்திரங்களின் வாயைக் கட்டவேண்டியிருக்கிறது. அவர்கள் "அந்த விஷயம்", "அன்னிக்கு நடந்தது", "அவன்" என்று பொதுவாகவே பேசுவார்கள். அறையில் இருக்கும் இருவருக்கும் தெரிந்த ஒன்றை நமக்கு மட்டும் தெரியாமல் பேசுவது யாருடைய இயல்பு? நடிகரும் திண்டாடுவார்: தன் பாத்திரத்துக்குத் தெரிந்ததை முகத்தில் காட்டினால் ட்விஸ்ட் போயிற்று, காட்டாவிட்டால் நடிப்பு போயிற்று. மனைவி இறந்தது தெரிந்த கணவன் அவளுக்கு டிபன் எடுத்து வைக்கிறான் என்று வையுங்கள். அதைக் கடைசியில் சொன்னால் நமக்கு ஒரு நொடி அதிர்ச்சி கிடைக்கும். முதல் நிமிடத்திலேயே நமக்குச் சொல்லிவிட்டு, ஊரிலிருந்து வந்த மகள் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்க்கிறாள் என்று எழுதினால், அவள் என்ன சொல்வாள், அவன் என்ன பதில் வைத்திருக்கிறான் என்று ஒரு முழு சீன் பிறக்கிறது. நாடகம் என்பது அந்தச் சீன்தான்.

"ஜெயித்த படங்களைப் பாருங்கள், எல்லாவற்றிலும் ட்விஸ்ட்" என்பது மூன்றாவது. இதில் பாதி உண்மை உண்டு. ஆடம் டேவிட்சன் கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக எடுத்த 'த லஞ்ச் டேட்' 1990-இல் கான் விழாவிலும் அடுத்த ஆண்டு ஆஸ்கரிலும் குறும்படப் பரிசை வாங்கியது. நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ரயிலைத் தவறவிட்ட வசதியான வெள்ளைக்காரப் பெண்மணி சில்லறையை எண்ணி ஒரு சாலட் வாங்குகிறார். முள்கரண்டி எடுக்கப் போய்விட்டுத் திரும்பினால், கறுப்பின ஏழை ஒருவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியில் தெரிகிறது, பெண்மணியின் சாலட் பக்கத்து மேஜையில் தொடப்படாமலே இருக்கிறது. ட்விஸ்ட்தான், மறுக்கவில்லை. ஆனால் படம் எங்கே வாழ்கிறது? அந்தப் பெண்மணி எதிரே உட்கார்ந்து, தட்டை இழுக்கப் பார்த்து, முடியாமல், தானும் கரண்டியை நீட்டி அதே தட்டில் சாப்பிடத் தொடங்கும் இடத்தில். அந்த மனிதர் எழுந்து போய் இருவருக்கும் காபி வாங்கிவரும் இடத்தில். சாலட் உண்மையிலேயே அந்தப் பெண்மணியுடையதாக இருந்திருந்தாலும் அந்த இரண்டு சீனும் நிற்கும். திருப்பம் அவற்றின் பொருளை மாற்றுகிறதே தவிர, வெறும் இடத்தில் பொருளை உண்டாக்கவில்லை.

ராபர்ட் என்ரிக்கோவின் பிரெஞ்சுப் படம் ஒன்றையும் சொல்வார்கள். ஆம்ப்ரோஸ் பியர்ஸின் கதையிலிருந்து எடுத்தது. 1962-இல் கான் பரிசு பெற்றது. பாலத்தில் தூக்குக் கயிறு அறுந்து தப்பிய மனிதன், வீடு சேரும் கணத்தில் கயிற்றிலேயே தொங்குகிறான். ஓடியதெல்லாம் அவன் மனதில். கனவு ட்விஸ்ட்டின் குலதெய்வம் இது. இங்கேயும் கவனியுங்கள், அவனுக்கு என்ன வேண்டும் என்பது நமக்கு ஒரு கணமும் மறைக்கப்படவில்லை: உயிரோடு மனைவியிடம் போக வேண்டும். ஓட்டம் முழுக்க அந்த ஒரே ஆசை. நம் கனவுப் படங்களில் ஆசை இருப்பதில்லை, விழிப்பு மட்டும் இருக்கிறது.

யூடியூபில் ஷேர் ஆக வேண்டுமானால் அதிர்ச்சி வேண்டும் என்கிறார்கள். முதல் நிமிடத்தில் வெளியேறுகிறவர் பத்தாவது நிமிட அதிர்ச்சியை எப்படிப் பார்ப்பார்? இதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

கடைசியாக, தயாரிப்பாளர் கண்ணில் பட ட்விஸ்ட்தான் விசிட்டிங் கார்டு என்ற நம்பிக்கை. தொலைக்காட்சியில் வந்த 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டியின் காலத்திலிருந்து முழுநீளப் படமாக வளர்ந்த குறும்படங்களை எடுத்துப் பார்க்கலாம். 'காதலில் சொதப்புவது எப்படி' 2012-இல் பெரிய படமானது. காதலிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டே இருப்பதுதான் அதன் சரக்கு. 'முண்டாசுப்பட்டி' 2014-இல் வந்தது: போட்டோ எடுத்தால் உயிர் போய்விடும் என்று நம்பும் ஊர், அங்கே போட்டோ எடுக்க வேண்டிய ஆள். இரண்டிலும் குறும்படத்தை முழுநீளப் படமாக நீட்ட உதவியது சூழ்நிலை. ட்விஸ்ட்டை நீட்ட முடியாது.

திருப்பமே கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அதை ஒன்லைனாக வைத்துக்கொண்டு எழுத உட்காராதீர்கள் என்கிறேன். ஆண்ட்ரியா ஆர்னால்டின் 'வாஸ்ப்' படத்தில் நான்கு குழந்தைகளின் இளம் தாய், பழைய நண்பன் கூப்பிட்டான் என்று மதுக்கடைக்குப் போகிறாள். குழந்தைகளைத் தன்னுடையவை என்று சொல்ல மனமில்லாமல், பசியோடு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போகிறாள். ஒரு குளவி கைக்குழந்தையின் வாய்க்குள் நுழையும்வரை போகிறது அது. எல்லாம் நம் கண்முன்னே நடக்கிறது, எந்த ரகசியமும் இல்லை, ஆனாலும் இருக்கை கொள்ளவில்லை. அதற்கு 2005-இல் ஆஸ்கர் கிடைத்தது. உங்கள் ஸ்கிரிப்ட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அடுத்து என்ன ஆயிற்று என்று அவர் கேட்காவிட்டால், கிழித்த பக்கத்தில் எதுவும் இருந்திருக்காது.

ஆல்பர் லமோரீஸின் 'சிவப்பு பலூன்' 34 நிமிடப் படம். ஒரு பையன், அவனை விட்டுப் போகாத ஒரு பலூன், அதை உடைக்கத் துரத்தும் பையன்கள்; வசனம் ஏறக்குறைய இல்லை. 1957-இல் நடந்த ஆஸ்கர் விழாவில் அது வாங்கியது குறும்படப் பரிசு அல்ல, முழுநீளப் படங்களோடு போட்டியிட்டு அசல் திரைக்கதைக்கான பரிசு. அந்த ஆண்டு அதனிடம் தோற்ற படங்களில் ஒன்று ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா'.