கேமிங் கணினி: காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு

கேமிங் கணினிக்கான விலைப்புள்ளிகள் இப்போது வங்கிக் கிளையின் மேசைக்கும் வரத் தொடங்கிவிட்டன. முன்பு இருசக்கர வாகனத்துக்கும் மடிக்கணினிக்கும் கடன் கேட்டு வந்த குடும்பங்கள், இன்று செயலி, மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று பத்துப் பன்னிரண்டு வரிகள் கொண்ட தாளை நீட்டுகின்றன. ஒரு லட்சம் ரூபாய் என்பது அத்தாள்களில் அரிய தொகையன்று. அவற்றைப் படித்துப் பார்க்கையில் ஒரு பழக்கம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. செயலியையும் கிராபிக்ஸ் கார்டையும் பிள்ளைகள் பல வாரம் ஆராய்ந்து தேர்ந்திருப்பார்கள். கடைசி இரண்டு வரிகளான கேபினெட்டும் குளிர்விப்பானும் மட்டும் கண்ணாடியையும் வண்ண விளக்கையும் பார்த்து முடிவு செய்யப்பட்டிருக்கும். கேபினெட்டுக்கு நான்காயிரம், திரவக் குளிர்விப்பானுக்குப் பன்னிரண்டாயிரம் என்பது போன்ற பங்கீடு மிகவும் சாதாரணம். பெரும்பாலான வீடுகளுக்கு இந்தப் பங்கீடு தலைகீழானது என்பது என் கருத்து.

வணிகவியல் படித்தவனுக்கு எந்தப் பொருளைக் கண்டாலும் அதன் பயன்பாட்டுக் காலம் எவ்வளவு என்று கேட்கத் தோன்றும். 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், மேசைக் கணினிக்கு மூன்று ஆண்டு ஆயுள் என்று தன் இரண்டாம் அட்டவணையில் வகுத்திருக்கிறது. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம். இவை அலுவலகக் கணக்குக்குப் போதும். ஏனெனில் அங்கே முழுக் கணினியும் ஒரே சொத்து. பாகம் பாகமாக வாங்கிப் பூட்டப்படும் கேமிங் கணினி அப்படிப்பட்டதன்று. அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் வெவ்வேறு ஆயுள்.

அவற்றுள் நீண்ட ஆயுள் கேபினெட்டுக்குத்தான். மதர்போர்டின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் வகுத்த ஏ.டி.எக்ஸ். தரநிலையை இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்டது. 305 மி.மீ. நீளம், 244 மி.மீ. அகலம் என்ற அந்த அளவு இன்றும் மாறவில்லை. ஆகவே பத்தாண்டுக்கு முன் வாங்கிய நல்ல கேபினெட்டில் இவ்வாண்டின் மதர்போர்டைப் பூட்டலாம். அதற்குள் இரண்டு செயலிகளும் மூன்று கிராபிக்ஸ் கார்டுகளும் வந்துபோயிருக்கக்கூடும்.

அடுத்த இடம் காற்றுக் குளிர்விப்பானுக்கு. செம்பு அடித்தளம், வெப்பக் குழாய்கள், அலுமினியத் தகடுகள், ஒன்றோ இரண்டோ விசிறிகள்: இவ்வளவுதான் அதன் உடல். தேயக்கூடியது விசிறி மட்டும். அதைத் தனியே மாற்றிக்கொள்ளலாம். திரவக் குளிர்விப்பானின் கதை வேறு. செயலியின் மேல் அமரும் சிறிய பம்ப், அதிலிருந்து செல்லும் இரண்டு குழாய்கள், விசிறிகள் பூட்டிய ரேடியேட்டர் என அது ஒரே தொகுப்பாக அடைத்து மூடப்பட்டு வருகிறது. பம்ப் இரவு பகலாகச் சுழலும் இயந்திரம். உள்ளிருக்கும் திரவமோ குழாயின் சுவர் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். பெரும்பாலானவற்றில் மீண்டும் நிரப்புவதற்கு வழி கிடையாது. பம்ப் நின்றுவிட்டால், பழுதில்லாத ரேடியேட்டரும் சேர்ந்து குப்பைக்குப் போகிறது. நல்ல தயாரிப்புகளுக்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். மலிவானவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளே. உத்தரவாதக் காலத்தைத் தயாரிப்பாளரே எழுதித் தந்த ஆயுள் மதிப்பீடாகக் கொள்வது தவறாகாது. பன்னிரண்டாயிரம் ரூபாய்த் திரவக் குளிர்விப்பான் ஆறு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு இரண்டாயிரம். மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க் காற்றுக் குளிர்விப்பான் அதே ஆறு ஆண்டு உழைத்தால் ஆண்டுக்கு அறுநூறுக்கும் குறைவு. அதன்பின்னும் அது உழைத்துக்கொண்டிருக்கும்.

‘விலை அதிகமானாலும் குளிர்ச்சி கிடைக்கிறதே’ என்று கேட்பவர்கள் உண்டு. திரவக் குளிர்விப்பான் என்ற பெயரே பலரை மயக்கிவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியைப் போல அது குளிரை உண்டாக்கும் என்று எண்ணுகிறார்கள். அது செய்யும் வேலை இடமாற்றம் மட்டுமே. செயலியின் வெப்பத்தைத் திரவத்தில் ஏற்றிக் கொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்குகிறது. அங்கிருந்து விசிறி அதை அறையின் காற்றில் கலக்கிறது. காற்றோ திரவமோ, இவ்வகைக் குளிர்விப்பான் எதுவும் செயலியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுசெல்ல முடியாது. வெளிநாட்டு விமர்சகர்கள் 21 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளில் சோதித்து எண்களை வெளியிடுகிறார்கள். நாக்பூரில் மே மாதம் வெளியே 45 டிகிரியைத் தாண்டும். குளிர்சாதன வசதி இல்லாத அறைக்குள் 38 டிகிரி என்பது அங்கு வியப்பில்லை. 23 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டிய செயலி இங்கே ஏறத்தாழ 85 காட்டும். எந்தக் குளிர்விப்பானாலும் இந்த 15 டிகிரியைத் தள்ளுபடி செய்ய இயலாது. அளவு மீறிச் சூடேறும் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய வேகத்தில் ஒரு பகுதி கோடையில் கைநழுவிப் போவது இப்படித்தான்.

இனி செயலியின் பசியைப் பார்க்க வேண்டும். விளையாட்டுக்கென்றே பெயர் பெற்ற ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலி, விளையாட்டின்போது 100 வாட்டுக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கிறது. அதற்கு இரட்டை விசிறிக் காற்றுக் குளிர்விப்பான் தாராளம். ரைசன் 5 7600 போன்ற 65 வாட் செயலிகள் பெட்டியிலேயே ஒரு சிறு குளிர்விப்பானுடன் வருகின்றன; அதைவிடச் சற்று அமைதியான ஒன்றை வாங்கினால் போதும். மறுமுனையில் கோர் ஐ9-14900கே இருக்கிறது. இன்டெல் அதற்கு வகுத்த உச்ச அளவு 253 வாட். அதை வைத்து மணிக்கணக்கில் காணொளி தொகுப்பவருக்கும் முப்பரிமாணப் படம் உருவாக்குபவருக்கும் 360 மி.மீ. ரேடியேட்டர் கொண்ட திரவக் குளிர்விப்பான் தேவையே. அவர்களிடம் நான் வாதிட மாட்டேன். ஆனால் விலைப்புள்ளியில் அறுபத்தைந்து வாட் செயலிக்கு நேரே 360 மி.மீ. ரேடியேட்டரைப் பார்க்கும்போது, ஆட்டோவுக்கு லாரிச் சக்கரம் பூட்டியது போல இருக்கிறது.

பலர் மறந்துவிடும் இன்னொன்று கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டில் அதிக வெப்பம் எழுவது பெரும்பாலும் அதிலிருந்துதான். ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டுக்கு வகுக்கப்பட்ட அளவு 250 வாட். செயலிக்கு எவ்வளவு விலையுயர்ந்த திரவக் குளிர்விப்பான் பூட்டினாலும் இந்த 250 வாட்டில் ஒரு வாட்டையும் அது தொடாது. கார்டு தன் விசிறிகளால் கேபினெட்டுக்குள் கொட்டும் சூட்டை வெளியேற்ற வேண்டியது கேபினெட்டின் கடமை.

கேபினெட்டின் முன்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தே பாதி முடிவு செய்துவிடலாம். நுண்துளை வலையாக இருந்தால் காற்று நேராக உள்ளே வரும். கண்ணாடியோ மூடிய தகடோ இருந்தால், விசிறிகள் ஓரத்தில் விட்ட விரற்கிடை இடைவெளி வழியாக மூச்சு வாங்க வேண்டியிருக்கும். சுற்றும் சத்தம் கூடும், வரும் காற்று குறையும். இப்போது இளைஞர்கள் மீன்தொட்டி என்று அழைக்கும் வகை ஒன்று பெருகியிருக்கிறது: முன்னும் பக்கமும் கண்ணாடி. பார்க்க அழகுதான். ஆயினும் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் காற்றை இழுக்க ஆறேழு விசிறிகள் வேண்டும், அவற்றுள் பலவற்றோடு ஒரு விசிறிகூட வருவதில்லை. கேபினெட்டின் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று எடுத்தவர்கள், விசிறிகளையும் கூட்டிய பிறகே உண்மை விலையை அறிகிறார்கள். முன்புறம் இரண்டு மூன்று விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, பின்புறம் ஒன்று வெளித்தள்ள, வலைமுகப்போடு வரும் கேபினெட் ஐயாயிரம் ஏழாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு?

வலை என்றால் தூசி வருமே என்பது நியாயமான கவலை. நம் ஊர்களின் தூசி கண்ணாடிக்கும் அஞ்சுவதில்லை. முன்னும் கீழும் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். வெளித்தள்ளும் விசிறிகளைவிட உள்ளிழுக்கும் விசிறிகள் கூடுதலாக இருந்தால், காற்று பெரும்பாலும் வடிகட்டி வழியாகவே நுழையும். மாதம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவி உலர்த்த ஐந்து நிமிடம் போதும். கணினி மேசையின் கதவு வைத்த அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி மூடுகிற வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அதற்குள் எந்த வலைமுகப்பும் பயன்படாது. இடையே ஒரு செய்தி: பக்கக் கண்ணாடியைக் கழற்றினால் டைல்ஸ் தரையில் வைக்காதீர்கள். பதப்படுத்திய கண்ணாடியின் விளிம்பு டைல்ஸில் பட்டால் நொடியில் பொடியாகிவிடும். மெத்தையோ மடித்த போர்வையோ நல்லது.

அளவுகளைக் கடைக்குப் போகும் முன்பே தாளில் எழுதிக்கொள்வது நலம். கிராபிக்ஸ் கார்டுகள் 300 மி.மீ. நீளத்தைத் தாண்டிவிட்டன, காற்றுக் குளிர்விப்பான்கள் 155 முதல் 165 மி.மீ. வரை உயரமானவை. கேபினெட் இவற்றுக்கு எவ்வளவு இடம் தருகிறது என்பது அதன் விவரத்தாளில் இருக்கும். திரவக் குளிர்விப்பான் வாங்குவோர் ரேடியேட்டரோடு விசிறியின் 25 மி.மீ. தடிமனையும் கூட்டிப் பார்க்க வேண்டும். அதை மேற்பக்கத்தில் பூட்டுவது ஏற்றது. உள்ளே உருவாகும் காற்றுக் குமிழ் தொகுப்பின் உயரமான இடத்தில் தங்கும். அந்த இடம் பம்பாக இருந்தால் சலசலப்பு கேட்கும், பம்பின் ஆயுளும் குறையும்.

பணம் செலுத்தும் முறையையும் சொல்லியாக வேண்டும். அது எங்கள் தொழில். பாகங்கள் விற்கும் கடைகளில் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ என்ற அட்டை தொங்குகிறது. வட்டியே இல்லாத தவணை என்ற பெயரில் வட்டியை மறைத்து விற்கும் முறையை ரிசர்வ் வங்கி 2013-லேயே கண்டித்தது. இன்றைய ஏற்பாட்டில் வட்டி இருக்கிறது. அதற்குச் சமமான தொகை விலையில் தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. கடனட்டைத் தவணையில் அந்த வட்டிமீது விதிக்கப்படும் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வாடிக்கையாளரின் பொறுப்பு. ஒரு லட்சம் ரூபாய்ப் பொருள், 12 மாதத் தவணை, ஆண்டுக்கு 15 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் வட்டி ஏறத்தாழ 7,670 ரூபாய். அதன் மீதான வரி 1,380 ரூபாய். செயலாக்கக் கட்டணம் தனி. மூடிய முகப்புள்ள கேபினெட்டுக்கும் வலைமுகப்புள்ள கேபினெட்டுக்கும் உள்ள விலை வேறுபாடு பல நேரங்களில் இவ்வளவுதான். ‘அதற்குப் பணமில்லை’ என்று மலிவானதை எடுத்தவர், அதே தொகையை வரியாகக் கட்டிவிட்டு வருகிறார். கையில் பணம் இருப்பின் மொத்தமாகச் செலுத்தித் தள்ளுபடியை விலையிலேயே கேளுங்கள். தவணைதான் வழி என்றால், வாங்கும் பாகங்களின் மிகக் குறைந்த உத்தரவாதக் காலத்தைவிடத் தவணைக் காலம் நீளாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு உத்தரவாதமுள்ள பம்புக்கு மூன்று ஆண்டு தவணை கட்டுவதில் எந்தக் கணக்கும் இல்லை.

அழகுக்காகவே திரவக் குளிர்விப்பான் வேண்டும் என்று பிள்ளை கேட்டால் மறுக்க வேண்டுமா? அவசியமில்லை. வீட்டில் அலங்கார விளக்குக்கும் செலவு செய்கிறோம். அழகுக்கான செலவு என்று தெரிந்து செய்தால் போதும். அப்போதும் முதலில் வலைமுகப்புக் கேபினெட்டுக்கான பணத்தை ஒதுக்கிவிட்டு, மீதியில் அதை வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்: உத்தரவாதம் எத்தனை ஆண்டு, இந்தியாவில் சேவை தருபவர் யார், திரவம் கசிந்து கிராபிக்ஸ் கார்டு பழுதானால் அந்த இழப்பையும் ஏற்பார்களா. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் வாங்கி வந்தது என்றால் இங்கே உத்தரவாதம் செல்லாமல் போகலாம். ஜி.எஸ்.டி. ரசீதில் பாகத்தின் வரிசை எண் அச்சாகியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து, அதைப் புகைப்படமாகவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் நிற்பது நான்காம் ஆண்டில் என்றால், வெப்ப அச்சுக் காகிதத்தில் அடித்த ரசீது அதற்குள் வெளுத்துப் போயிருக்கும்.