பறக்கும் சவப்பெட்டி என்று சொல்லாதீர்கள்

ஜித்ரா வயல்களுக்கு மேலே நூரி ஹெலிகாப்டர் தாழப் பறந்த காலத்தில், ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்கும் பெரியவர்கள் அண்ணாந்து பார்த்து, “பறக்குற சவப்பெட்டி போவுது பாரு” என்பார்கள். நாங்களும் சிரிப்போம். 2007 ஜூலை 13 அன்று கெந்திங் செம்பா அருகே ஒரு நூரி விழுந்து ஆறு பேர் இறந்தபோதும் அதே பெயர்தான் அடிபட்டது. இன்றைக்கு யோசித்தால், அந்தப் பெயர்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தப் பெயருக்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: பழசு, அதனால் விழுந்தது. அவ்வளவுதானா?

நூரி, சிகோர்ஸ்கி எஸ்-61 குடும்பம். அதே குடும்பத்து எஸ்-61எல் ஒன்று 1968 ஆகஸ்ட் 14 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் காம்ப்டனில் விழுந்து 21 பேர் இறந்தார்கள். அந்த ரகம் முதன்முதலில் பறந்ததே 1960 டிசம்பரில். கிழடு இல்லை. விசிறி இறக்கையைப் பிணைத்திருந்த உருக்குத் தண்டில், கடினம் குறைந்த ஓர் இடத்தில் விரிசல் விட்டு, இறக்கை தனியே கழன்றது.

2002 ஜூலை 16 அன்று வட கடலில் ஓர் எஸ்-76 விழுந்து 11 பேர் போனார்கள். 1999இல் மின்னல் தாக்கிய இறக்கை அது. தயாரித்தவர்களிடமே அனுப்பிச் சோதித்து, ‘சரி’ என்று திரும்பி வந்தது. தயாரிப்பில் இருந்த குறையும் மின்னல் செய்த சேதமும் சேர்ந்து உள்ளுக்குள் விரிசலை வளர்த்தன.

உலோகம் விதிப்படி உடைவதில்லை. சுற்றுக்குச் சுற்று களைத்து உடைகிறது. அதைக் கண்டுபிடிக்க வழியும் உண்டு. எஸ்-61 இறக்கையின் உள்கூட்டில் நைட்ரஜன் அடைத்திருப்பார்கள். விரிசல் விட்டால் அழுத்தம் குறையும், அடிப்பக்கத்துக் காட்டியில் நிறம் மாறும். பறப்பதற்கு முன் ஒருவர் அதைப் பார்க்கணும், பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். பறக்கும் தகுதி என்பது கடைசியில் அந்தக் கையெழுத்துதான்.

இந்த இரண்டு விபத்துகளையும் இவ்வளவு விவரமாக நான் எழுத முடிவது எதனால்? அவை பயணிகள் ஹெலிகாப்டர்கள். விசாரணை அறிக்கைகள் வெளியே வந்தன. ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தால் படையே விசாரிக்கும். நமக்குக் கிடைப்பது இரங்கல் செய்தி.

நாமும் உடனே கவிதை எழுதிவிடுகிறோம். ‘சிறகொடிந்த பறவை’, ‘வானம் விழுங்கியது’. வானம் யாரையும் விழுங்கவில்லை, தம்பி. உவமை வைத்த இடத்தில் கேள்வி செத்துப்போகிறது. அடுத்த முறை ஒன்று விழுந்தால், கவிதைக்கு முன்னால் பதிவேட்டைக் கேளுங்கள்: கடைசியாக இறக்கையைப் பார்த்தது யார், எப்போது, என்ன எழுதினார்?