வேரின் கொடுக்கல் வாங்கல்



முற்றத்து மிளகாய்க் கன்று மஞ்சளித்துவிட்டால் நம்மில் பலர் உடனே செய்வது, ஒரு பிடி யூரியாவை அள்ளி அடியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான். போட்டதையெல்லாம் செடி உண்டுவிடும் என்பது நமது எண்ணம். ஆனால் வேர் சும்மா வாங்குவதில்லை, கொடுத்துத்தான் வாங்குகிறது.

வேர் நுனிக்குச் சற்று மேலே மிக மெல்லிய வேர்மயிர்கள் உண்டு. மண்ணோடு கொடுக்கல் வாங்கல் செய்பவை பெரும்பாலும் இவையே. களிமண் துணிக்கைகளும் உக்கிய இலைகுழைகளும் மறை மின்னேற்றம் கொண்டவை. ஆகவே நேர் மின்னேற்றமுள்ள பொற்றாசியம், கல்சியம், மகனீசியம் ஆகியவற்றைத் தம்மோடு பிடித்து வைத்திருக்கின்றன. மழைநீர் அவற்றை இலகுவில் அடித்துச் செல்லாது. வேர் ஐதரசன் அயன்களை வெளிவிடுகிறது. அவை துணிக்கையில் போய் அமர, அங்கிருந்த போசணை விடுபட்டு, மண்ணீரில் கலந்து வேரினுள் செல்கிறது. ஒரு பொற்றாசியத்துக்கு ஓர் ஐதரசன்; ஒரு கல்சியத்துக்கு இரண்டு. எவ்வளவு நேர்மையான வியாபாரம் பாருங்கள்!

இந்த வேலைக்குச் சக்தி வேண்டும். அதற்கு வேர் சுவாசிக்க வேண்டும். சாடியில் நீர் தேங்கி நின்றால், பசளை நிறைய இருந்தும் செடி மஞ்சளிக்கும். எனவே பசளைப் பையைத் தேடுமுன் சாடியின் அடித்துவாரத்தைப் பாருங்கள்.

இனி யூரியாவின் கதை. மண்ணில் அது அமோனியமாகி, பின்பு நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரேற்றும் மறை மின்னேற்றம் உடையது என்பதால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. வேர் எடுத்தது போக மீதி, மழையோடு கீழிறங்கிக் கிணற்றைச் சேர்கிறது. களி குறைந்த மணல் நிலத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். கற்பிட்டிப் பகுதியின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை விஞ்சக்கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுகோல். அது மிஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். தோட்டங்களுக்கு நடுவே கிணறு இருந்தால் நீரைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கடைப் பசளையே வேண்டாம் என்பதல்ல. ஒரே தடவையில் கொட்டாமல் சிறிது சிறிதாகப் பிரித்து இடுங்கள். பெருமழைக்கு முன்பும் கிணற்றடியிலும் இடாதீர்கள். மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, காய்ந்த இலைகளைக் குப்பையில் வீசாமல் உக்கவைத்து மண்ணில் சேருங்கள். மண்ணின் பிடிமானம் கூடும். செடிக்கும் உணவு கிடைக்கும். பிள்ளைகள் குடிக்கும் நீரும் காக்கப்படும்.